ஒழுகாத கூரை

"கூரை மேல ஏறினது நீதான்னு ஒத்துக்கிட்டே. எந்தக் கூட்டத்து ஆளுன்னு மட்டும் சொல்லிடு, போதும்."

துருக்கி அதிகாரி ரவூப் எஃபெந்தி இதை நான்காவது முறையாகக் கேட்டார். எதிரே நின்ற யாகூப் நான்காவது முறையாகத் தரையைப் பார்த்தான். முப்பது வயது இருக்கும். தாடி, தலைத்துண்டு, முழங்கை வரை சுண்ணாம்பு. அந்தக் கலிலேயா மலையூரில் யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் மூன்று பேருக்கும் அதே தாடி, அதே தலைத்துண்டு. யாகூப் என்ற பெயரும் மூவருக்கும் பொது. டமாஸ்கஸிலிருந்து மாற்றலாகி வந்து எட்டே நாளான அதிகாரி எதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்?

பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று ஊரில் பாதிப் பேர் பெயரே கொடுத்திருக்கவில்லை. ஓய்வுநாளை வைத்துப் பிடிக்கலாமென்றால், ஆசாமி திங்களன்று ஏறி வியாழனன்று இறங்கியிருக்கிறான். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றிலும் பூச்சுக் கரண்டியைத் தொடவில்லை. ஊரே ஒலிவக்காய் பறிக்கப் போயிருந்த வாரம், தடுக்கவும் ஆளில்லை.

தகராறு எலியா தீர்க்கதரிசியின் குகையைப் பற்றியது. யூதர்கள் அவரை எலியாகு என்று சொல்லி விளக்கேற்றுவார்கள். கிறிஸ்தவர்கள் மார் எலியாஸ் என்று மெழுகுவத்தி வைப்பார்கள். முஸ்லிம்கள் கித்ர் என்று சொல்லி ஓதுவார்கள். குகையின் முன்மண்டபத்தில் சுவர் ஒருவர் எழுப்பியது, வளைவு இன்னொருவர் கட்டியது, கதவு மூன்றாமவர் போட்டது. ஆட்சி மாறும்போதெல்லாம் சாவியும் கை மாறியது. எப்போதோ ஒரு சுல்தான் சலித்துப்போய், பழுது பார்ப்பவருக்கே இடம் சொந்தம் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து யாரையும் பழுது பார்க்க யாரும் விடவில்லை. பதினோரு மழைக்காலம் கூரை ஒழுகி, மூன்று பேர் விளக்கையும் பாரபட்சமில்லாமல் அணைத்தது. போன வருஷம் ஒருவன் ஏணியோடு வந்தான் என்பதற்காகவே கல் பறந்து, இரண்டு வீட்டில் எழவு விழுந்தது. இப்போது கூரை ஒழுகவில்லை. அதனால்தான் விசாரணை.

ஊர்ப் பெரியவர்கள் மூவரையும் ரவூப் எஃபெந்தி வரிசையாக உட்கார வைத்திருந்தார். இன்றைக்கே பெயர் எழுதிச் சாவியைக் கொடுத்துவிடப் போவதாகவும், மற்ற இரண்டு கூட்டமும் இனி அந்த மலைப்பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்றும் சொன்னார். 'எங்க ஆளு, எங்க ஆளு' என்று மூவரும் அடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தார்.

ஷேக் தாஹிர் முதலில் எழுந்தார்.

"எங்க ஆளு இல்லீங்க, எஃபெந்தி. ரமலான் பகல்ல இவன் ரொட்டி தின்னுக்கிட்டுப் போறதை நானே பாத்திருக்கேன்."

சொல்லிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்து ஜிரியஸ் பாதிரியார். தவக்கால நோன்பில் இவன் முட்டையையும் விடுவதில்லை, ஆட்டுப்பாலையும் விடுவதில்லை என்றும், தம் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்களில் இவன் இல்லை என்றும் சொன்னார்.

ரவூப் எஃபெந்திக்கு ஆச்சரியமாக இருந்தது. பல தலைமுறையாக அடித்துக்கொண்ட இடம் சும்மா கிடைக்கிறது, வாங்கிக்கொள்ள ஆளில்லை. சுண்ணாம்புக் கையோடு நின்றவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"சரி, ரெண்டு கழிஞ்சா மிச்சம் ஒண்ணு," என்று பேனாவை மையில் தோய்த்தார். "ரப்பி ரஹமீம், உங்க ஆளுதான். எழுதிடவா?"

எழுபது வயது ரப்பி தலையை ஆட்டினாலே போதும். குகை அவர் மக்களுக்குச் சொந்தம். ஷேக்கின் கையில் ஜபமாலை நின்றுபோனது. பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார். யாகூப் முதல் முறையாக நிமிர்ந்து ரப்பியைப் பார்த்தான்.

ரப்பி மெல்ல எழுந்தார்.

"எழுதாதீங்க, எஃபெந்தி. ஓய்வுநாள்ல எங்க ஆளுங்க நெருப்பைத் தொடக் கூடாது. சனிக்கிழமை எங்க வீட்டு அடுப்பைப் பத்த வைக்கிறவனே இவன்தான். இவன் எப்படி யூதனா இருப்பான்?"

ரவூப் எஃபெந்திக்குக் கோபம் வந்துவிட்டது. உழைத்தவனை ஆளுக்கொரு பக்கம் உதறித் தள்ளுகிறீர்களே, நீங்களெல்லாம் பெரிய மனிதர்களா என்று மூவரையும் திட்டித் தீர்த்தார். பிறகு, மதம் தெரியாத ஒருவன் செய்த வேலை யார் உரிமையையும் மாற்றாது, இடம் பழையபடி மூவருக்கும் பொது என்று எழுதி முத்திரை வைத்தார்.

வாசலுக்கு வந்ததும் ஷேக் தாஹிர் ரப்பியின் தோளில் முத்தமிட்டார். பாதிரியார் அவர் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டார். இருவரும் தத்தம் வழியில் போனார்கள்.

அலுவலகம் கண்ணுக்கு மறைந்த திருப்பத்தில் யாகூப் ஓடிவந்து ரப்பியோடு சேர்ந்துகொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"இத்தனை வயசு வரைக்கும் ஒரு பொய் சொல்லாத உங்களை, நான் பொய் சொல்ல வச்சுட்டேனே, அப்பா."

ரப்பி மகனின் தாடியில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார்.

"அதை ஆண்டவன்கிட்ட நான் பேசிக்கறேன். ஒரு வாரமா வீட்டுப் பக்கமே வராததுக்கு உங்கம்மாகிட்ட நீ பதில் சொல்லு, வா."