மிளகளவுப் பொட்டு

கீழக்கரையில் சங்கு குளிக்கும் சதக்குக்கு இருமலென்று ஸ்கேன் எடுத்ததில், நுரையீரலில் மிளகளவுப் பொட்டு ஒன்று தெரிந்தது.

"இவ்வளவு சின்னதை இப்பவே தொட வேண்டாம். ஒரு வருஷம் கழிச்சுப் பார்ப்போம், வளர்ந்தா யோசிப்போம்" என்றார் இராமநாதபுரத்து டாக்டர் சுகந்தி.

சதக்குக்கு அது நியாயமாகப் பட்டது. "நாங்களும் அப்படித்தாம்மா. அளவு பார்க்கிற வளையத்துக்குள்ள நுழைஞ்சு விழுற சின்னச் சங்கை, வளரட்டும்னு கடல்லயே விட்டுருவோம்."

மறுவருஷம் டாக்டர் இரண்டு படங்களையும் திரையில் அருகருகே வைத்தார். "வளரவே இல்ல பாய். இடம் மட்டும் கொஞ்சம் தள்ளித் தெரியுது. மூச்சு இழுக்கிறதுல வர்ற வித்தியாசமா இருக்கும்."

சதக் குனிந்து பார்த்தார். பழைய இடத்திலிருந்து புது இடம்வரை மெல்லிய கோடு ஒன்று வளைந்து போயிருந்தது. கடலடி மணலில் இப்படியொரு கோட்டைப் பின்தொடர்ந்துதான் அவர் சங்கைக் கண்டுபிடிப்பார். ஆள் நெருங்கியதும் அது அசையாமல் கிடந்துவிடும்.

"போன படத்துல இந்தக் கோடு இல்லையேம்மா?"

டாக்டர் இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தார். "இன்னொரு தடவை எடுத்துருவோம்."

சதக் படுத்தார். "மூச்சைப் பிடிங்க" என்றது மெஷின். முங்கும்போது பிடிப்பதுபோலவே பிடித்தார்.

நெஞ்சுக்குள் ஊர்ந்துகொண்டிருந்த ஒன்று சட்டென்று நின்றது.