நீலக் குருணை

சுவிஸின் நொஷாட்டல் நகரில் மழை விட்ட காலை. நஞ்சே போடுவதில்லை என்று இளையவர்கள் கூடி நடத்தும் காய்கறித் தோட்டத்தில், போஞ்சித் தளிரைத் தின்னும் ஓடில்லா நத்தைகளை யதுஷா கத்தரிக்கோலால் இரண்டிரண்டாக நறுக்கிக்கொண்டு போகிறாள். வெள்ளிக்கிழமையில் முட்டைகூடத் தொடாத கை அது. பின்னால் வாளியோடு வரும் துஷாந்தன் துண்டுகளைப் பார்க்காமலே அள்ளிப் போடுகிறான். பாத்தி முடிவில், நத்தை தின்று தோட்டத்தைக் காத்துவந்த முள்ளெலி வாய்நுரையோடு விறைத்துக் கிடக்கிறது. பக்கத்தில் அவன் களவாகத் தூவிய நீலக் குருணை மருந்து. அதை அவன் காலால் மூடப் பார்க்க, யதுஷா அவனைச் சேற்றில் தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றுகிறாள். "நத்தைக்குத்தான் போட்டனான் யது! வேற ஒண்டையும் செய்யாதாம், கடைக்காரன் சொன்னவன்." "அப்ப நீ தின்னடா!" சேறும் குருணையுமாக அவள் விரல்கள் அவன் உதட்டைப் பிளக்கின்றன. கடைக்காரனை அவ்வளவு நம்பிய வாய், பல்லைக் கடித்து இறுக மூடிக்கொள்கிறது.