மேல்தாடைக்காக
சன்னல் வெயில் முகத்தில் விழ, பஸ் டிரைவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். மகளுக்கு நாளை உடற்கூறியல் வாய்மொழித் தேர்வு. போன தடவை மண்டையோட்டை எதிரே வைத்துக்கொண்டு வலது இடதை மாற்றிச் சொல்லிக் கோட்டைவிட்டவள். மீசை மேல்தாடையை மறைக்கிறதென்று அவள் முணுமுணுத்ததும், பஸ்ஸுக்கு முன்னாலேயே ஸ்டாப்பில் வந்து நிற்கும் அந்த மீசையைக் காலையிலேயே மழித்துவிட்டார். அவள் கையிலுள்ள கண்மைப் பென்சில் எலும்புகளை வரைந்தபடி அவர் கன்னத்தில் ஊர்கிறது. "இது கன்ன எலும்பு, இடது பக்கம்." "யாருக்கு இடது?" பென்சில் நிற்கிறது. "அய்யோ, உங்களுக்கு வலதுப்பா!" "அப்படிப் போடு!" "சிரிக்காதீங்கப்பா, தாடை ஆடுது." வாயை இறுக்கிக்கொள்கிறார். அதற்குப் பிறகு ஒரு கோடுகூடப் பிசகவில்லை. வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். "என்னய்யா, மூஞ்சியெல்லாம் கோடு?" "எம்பொண்ணு டாக்டருக்குப் படிக்கிறால்ல!" என்கிறார் டிரைவர். கை தானாக மேலே போய், இல்லாத மீசையை முறுக்குகிறது.