பாலத்தில் கடைசியாக நின்றவன்

"நீங்களும் அங்கேதானே இருந்தீங்க அண்ணா? நிஜமாவே அவர் ஓடினாரா?"

நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று விதவை ஒதில் தணிந்த குரலில் கேட்டாள். தியரி திரும்பிப் பார்க்காமல், ஆமென்று தலையை மட்டும் ஆட்டி வைத்தான்.

கலேரான் பிரபுவின் மண்டபத்தில் விருந்து முடிந்து, வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. போன வருஷத்து ஆற்றுப்பாலச் சண்டையைப் பாதிரி லாம்பெர் வரலாறாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். சண்டையில் இருந்தவர்கள் முன்னால் அதை உரக்க வாசிப்பார். யாரும் மறுக்காவிட்டால் நாளை ஆட்டுத்தோல் ஏட்டில் ஏறிவிடும். அப்புறம் அரசனே வந்து சொன்னாலும் ஓர் எழுத்து மாறாது.

அதன்படி பிரபுவும் தியரியும் பாலத்தில் கடைசிவரை நின்றார்களாம். ஒதிலின் கணவன் ஆன்செல் கொடியை எறிந்துவிட்டு ஓடி, ஆற்றில் விழுந்து செத்தானாம். லாம்பெரிடம் அப்படிச் சொன்னவனே தியரிதான். அதற்குப் பிறகுதான் பிரபு அவனைத் தன் வலது பக்கத்து இருக்கைக்கு ஏற்றினார்.

"சண்டையைவிட நீச்சல் சுலபம்னு நினைச்சிருப்பான். பாவம், அதுவும் வரலை" என்றான் எதிர்மேசைக்காரன்.

மண்டபமே சிரித்தது. தியரியும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவன் காதுக்கே அசிங்கமாக இருந்தது.

நாளைக்குக் கோயில் சுவரில், ஓடிய கோழை என்று காட்ட, ஆன்செலின் கேடயத்தைத் தலைகீழாக மாட்டிவிடுவார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒதில் அதற்குக் கீழேதான் முழந்தாளிட வேண்டும்.

மறுப்பவர் உண்டா என்று லாம்பெர் இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்டதும் தியரி எழுந்தான்.

"ஓடினது ஆன்செல் இல்லை சாமி. நான்தான்."

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். முகத்தில் யாரோ காறித் துப்பியதுபோல் தியரிக்கு எரிந்தது. பிரபு மட்டும் பதறாமல் அவன் தோளைத் தட்டினார்.

"உட்காருப்பா. இன்னிக்குக் கொஞ்சம் அதிகமா குடிச்சிட்டே."

லாம்பெர் விடவில்லை. இறகை மையில் தோய்த்துக்கொண்டு, ஆன்செல் ஓடவில்லை என்பது எப்படித் தெரியும் என்று கேட்டார். அக்கரை போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்ததாகச் சொன்னான் தியரி. பாலத்தின் நடுவில் ஆன்செல் கொடியோடு தனியாக நின்றுகொண்டிருந்தானாம்.

"தனியாவா? அப்போ பிரபு எங்கே நின்னார்?"

தியரி தலை குனிந்துகொண்டான்.

"அவர் நிக்கலை சாமி. முன்னாலே ஓடின அவர் குதிரைக்குப் பின்னாலேயே நான் போனதாலதான் எனக்கு ஓட வழியே தெரிஞ்சுது."