கடுங்காப்பி

"மருந்தடிக்கிற அன்னிக்கெல்லாம் பால் திரிஞ்சுபோகுதே, அதென்ன?" என்றபடி கடுங்காப்பியை வாங்கிக்கொண்டான் கணவன்.

"வெயில் அப்படி," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் மனைவி.

போன வருஷம் மருந்தடித்துவிட்டு ராத்திரியெல்லாம் இருமி அவள் உயிரை வாங்கியவன், இந்த வருஷம் செருமக்கூட இல்லை.

"மருந்துன்னா இதுதான் மருந்து! பொறிவண்டும் சிலந்தியும் பட்டாளமா வந்து புழுவையெல்லாம் தின்னுடுச்சு. கத்தரிக்காய் போன தடவையைவிட ரெண்டு மூட்டை கூட!"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாங்கி வந்த மருந்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய கேனில் தண்ணீரை நிரப்பி வைத்தவள் அவள்தான். விளைச்சல் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

"அப்போ அடுத்த வருஷமும் இதையே அடிங்க."

"அடிக்கிறேன். என்னமா வெள்ளை வெளேர்னு இருக்கு! நம்ம பூனைகூட தெளிப்பானை நக்கிக்கிட்டே பின்னாடி வருது."

அவள் திருதிருவென விழித்தாள்.

அவன் சிரித்தபடி டம்ளரை நீட்டினான். "கேன்ல ஊத்துற பால்ல எனக்கும் ஒரு கரண்டி மிச்சம் வைடி."