நாளைய தேதி

பயிற்சி வக்கீல் கடைசி வழக்குக் கட்டின் நாடாவை இழுத்து முடிச்சுப் போடுகிறாள். ஐந்து மணி வெயில் மேசையில் கோடு கோடாக விழுந்து, ஒரு வருடமாக அவள் டீக் கோப்பை வைத்த வட்டக் கறையைக் காட்டிக்கொடுக்கிறது. பயிற்சி இன்றோடு முடிகிறது. வேலைக்கு எடுக்கவில்லை என்று போன வாரமே கடிதம் கொடுத்துவிட்டார்கள். முகம் கோணாமல் நன்றி சொல்லிவிட்டுப் போக வேண்டும். அதற்கான நான்கு வரிகளைக் கண்ணாடி முன் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். உள்ளறைக் கதவு திறக்கிறது. காதில் போனும் கையில் காகிதங்களுமாக சீனியர் வருகிறார். அவள் எழுந்து நிற்கிறாள். "சார்..." காகிதங்களை அவள் கையில் திணிக்கிறார். "இந்த மனுவை நாளைக்குக் காலையில ஒரு தடவை பாத்துடும்மா. நீ பாத்தா தப்பு இருக்காது." அவள் காகிதங்களைச் சீராக அடுக்கிப் பிடிக்கிறாள். "சரி சார்." அவர் படியிறங்குகிறார், கீழே கார்க் கதவு சாத்தும் சத்தம். அவள் ஒப்படைத்த சாவியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருக்கும் குமாஸ்தா, "சுத்தமா மறந்துட்டாரும்மா. இன்னிக்கோட முடியுதுன்னு சொல்லியிருக்கலாமே?" என்கிறார். "அவர் வாயால ஒரு தடவை நாளைக்கும் நீ வேணும்னு சொல்ல மாட்டாரான்னு ஒரு வருஷமா காத்துக் கிடந்தேண்ணே. இப்பத்தான் சொன்னாரு. அதைப் போய் நான் எதுக்குத் திருத்தணும்?" பைக்குள் போட்ட பென்சிலை வெளியே எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்கிறாள். வெயில் மேசையை விட்டுப் போய்விட்டது. குமாஸ்தா அவள் தலைக்கு மேலிருக்கும் விளக்கைப் போடுகிறார். மனுவின் உச்சியில் நாளைய தேதி. சரிதான் என்று பக்கத்தில் ஒரு டிக் போடுகிறாள்.