முப்பத்தெட்டாவது தேள்

"தேளைத் தின்னுட்டா பொண்ணு உனக்கு! முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிட்டு நடையக் கட்டு!"

கடைக்காரர் இலாரியோ போட்ட சத்தத்தில், மெக்சிகோவின் துராங்கோ நகரச் சந்தையே திரும்பிப் பார்த்தது. எதிர்க் கடையில் பெல்ட் விற்கும் நசாரியோ, பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார். பக்கத்தில் சோள ரொட்டி சுடும் செலியா, கையில் கரண்டியோடு வந்து முன்வரிசையில் இடம் பிடித்தாள். அடுப்பில் ரொட்டி கருகினால் கருகட்டும், இது தினமும் கிடைக்கிற வேடிக்கையா?

இலாரியோவின் கடையில் ஒரே சரக்குதான். மெஸ்கால் என்கிற கற்றாழைச் சாராயம், ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் முழுசாக ஒரு தேள். தேளை உள்ளே போட்டு, மெழுகு வைத்து மூடி, அலமாரியில் அடுக்குவதெல்லாம் மகள் ஒத்திலியாவின் வேலை. பணப்பெட்டி மட்டும் அப்பாவிடம். அந்த ஒத்திலியாவைத்தான், கூட்டம் அலைமோதுகிற சனிக்கிழமை மத்தியானத்தில், நட்ட நடுச் சந்தையில் வந்து பெண் கேட்டுவிட்டான் ரமீரோ.

ரமீரோ பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவன். வெயில் கொளுத்தினாலும் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டிருப்பான். சனிக்கிழமை தவறாமல் ஒரு பாட்டில் வாங்கிப் போவான். இன்றைக்கும் வாங்கி, அதைக் குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்தபடிதான் நின்றிருந்தான்.

"இதுவரைக்கும் என்கிட்ட எத்தனை பாட்டில் வாங்கியிருக்கே?" என்று கேட்டார் இலாரியோ.

"இன்னியோட முப்பத்தெட்டுங்க."

"அப்புறமென்ன!" செலியா கரண்டியைத் தூக்கினாள். "முப்பத்தெட்டுல ஒண்ணு! வறுத்த கடலை மாதிரி கடிச்சுப் போடு ராசா!"

"கொடுக்கு குத்தாதுங்களா?" ரமீரோவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "செத்த தேளு எங்கேயாவது கொட்டுமா? தேளுக்குப் பேர்போன துராங்கோவுல பொறந்துட்டு இப்படிக் கேக்கலாமா தம்பி? ஊர் மானமே போச்சு!" என்றார் நசாரியோ.

"வேணாம் ரமீரோ," என்றாள் ஒத்திலியா. "அப்பா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க."

"நீ சும்மா இரு. வேணாம்னா அவன் சொல்லட்டும்."

ரமீரோ ஒத்திலியாவைப் பார்த்தான். அவ்வளவுதான், எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ! மெழுகை உடைத்தான், ஒரு கோப்பை ஊற்றினான், கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கு. முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. பாட்டிலைக் கவிழ்த்து உலுக்கினான். மிச்சச் சாராயம் தரையில் வழிய, கடைசியில் தேள் கோப்பைக்குள் பொத்தென்று விழுந்தது. செலியா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். ரமீரோவும் போட்டுக்கொண்டு, வாலைப் பிடித்துத் தூக்கி வாய்க்குள் போட்டான்.

நறுக்!

"மெல்லு! மெல்லு!" சந்தையே கத்தியது. விழுங்கினான். நசாரியோவின் தொப்பி ஆகாயத்தில் பறந்தது. விசில் காதைப் பிளந்தது. "கல்யாணத்துக்கு ரொட்டி என் பொறுப்பு!" என்று செலியா ஒத்திலியாவைக் கட்டிக்கொண்டாள்.

"பொண்ணு கிடையாது," என்றார் இலாரியோ.

விசில் பாதியில் நின்றது.

"என்னய்யா அநியாயம்! பேச்சு மாறலாமா?" செலியா சீறினாள்.

"இருபது வருஷமா இந்தக் கருமத்தை விக்கிறேன், ஒரு சொட்டு என் நாக்குல பட்டதில்ல. இதைக் குடிச்சே செத்தான் என் தம்பி. பொண்ணே கிடைக்கும்னாலும் 'இது வேணாம்'னு எவன் சொல்றானோ அவனுக்குத்தான் குடுக்கணும்னு வெச்சிருந்தேன். முப்பத்தெட்டு வாரம், முப்பத்தெட்டு பாட்டில்! இந்தக் குடிகாரனுக்கா கட்டிக் குடுப்பேன்?"

"விக்கிறவர் யோக்கியர், வாங்கறவன் குடிகாரனா? நல்லா இருக்கு உங்க நியாயம்!" என்றார் நசாரியோ.

ரமீரோ பதில் சொல்ல வாயைத் திறந்தான். நாக்கு புரளவில்லை. கால்கள் பின்னிக்கொள்ள, பக்கத்திலிருந்த பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தான்.

ஒத்திலியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவன் கையிலிருந்த காலி பாட்டிலை வாங்கி அப்பாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுல நான் எழுதியிருக்கற தேதியைப் படிங்க."

இலாரியோ மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பிப்ரவரி மாசம். சரி, பழைய சரக்கு. அதுக்கென்ன இப்ப?"

"அவர் முதல் சனிக்கிழமை வாங்கினது இதைத்தான். தேளை ரூம்ல வெச்சா பயத்துல தூக்கமே வரலைன்னு, மூடியைக்கூடத் தொடாம திங்கக்கிழமை கொண்டுவந்து என்கிட்ட குடுத்துட்டார். அடுத்த சனிக்கிழமை என்னைப் பார்க்க வந்தவர், மறுபடியும் காசு குடுத்து இதையேதான் வாங்கினார். திங்கக்கிழமை மறுபடி திருப்பிக் குடுத்தார். வாரா வாரம் இதே கதை. முப்பத்தெட்டு வாரமா நீங்க அவருக்கு வித்தது இந்த ஒரே பாட்டிலைத்தாம்ப்பா. குடிக்கவே தெரியாதவரை இன்னிக்கு நீங்கதான் முதல் தடவையாக் குடிக்க வெச்சிருக்கீங்க!"